எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் இயக்க நரம்புக்கல நோய் குறையுமா?

மலையகத்தில் ஒருவருக்கு இயக்க நரம்புக்கல நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் பாதிப்பேர் எதிர்ப்புச் சக்தியைப் பற்றித்தான் பேசுவார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிட்டது, அதனால்தான் நரம்பு விழுந்துவிட்டது, அதை ஏற்றிவிட்டால் கைகால் பழையபடி வந்துவிடும் என்பது அந்தப் பேச்சின் சாரம். கூடவே ஒரு பாணிப் போத்தலோ, யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த சத்து மாத்திரையோ கைமாறும். கொரோனாக் காலத்தில், 2020 டிசம்பரில், கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றதைப் பார்த்த நாட்டில் இது வியப்புக்குரியதல்ல. ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை எதிர்ப்புச் சக்தி குறைந்தது என்பதும் சரியான விளக்கமல்ல, கூடியது என்பதும் முழுமையான விளக்கமல்ல. அது எந்த இடத்தில், நோயின் எந்தக் கட்டத்தில், யாருடைய கட்டுப்பாட்டில் வேலை செய்கிறது என்பதே இங்கே முக்கியம். கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியும், அதில் கிடைத்த பல தோல்விகளும் அதைத்தான் காட்டுகின்றன.

நோய் என்ன செய்கிறது

நாம் விரும்பி அசைக்கும் ஒவ்வொரு தசைக்கும் மூளையின் கட்டளை இரண்டு கட்டமாக வந்து சேர்கிறது. மூளையின் மேற்பரப்பில் இருக்கும் மேல் இயக்க நரம்புக்கலம் தன் நீண்ட இழையை மூளைத் தண்டுக்கோ முண்ணாணுக்கோ இறக்குகிறது. அங்கே கட்டளையை வாங்கிக்கொள்ளும் கீழ் இயக்க நரம்புக்கலம் இன்னோர் இழையைத் தசைவரை நீட்டுகிறது. முண்ணாணில் தொடங்கிப் பாதத்துத் தசையில் முடிகிற இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம் இருக்கும். கீழ்க்கலங்கள் அழிந்தால் தசை மெலியும், பலம் குறையும், தோலுக்கடியில் சதை துடிக்கும். மேல்க்கலங்கள் அழிந்தால் கைகால் விறைக்கும், முழங்காலைத் தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாக உதறும். பிரெஞ்சு வைத்தியர் ஜான் மார்ட்டின் ஷார்க்கோ 1869 ஆம் ஆண்டு விவரித்த, ஏஎல்எஸ் என்று இன்று சுருக்கமாகச் சொல்லப்படும் வகையில் இவ்விரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. இயக்க நரம்புக்கல நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே என்பதால் இக்கட்டுரையும் அதைப் பற்றியதே.

கையில் தொடங்கும் நோய்க்கு ஒரு விசித்திரமான போக்கு உண்டு. பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசையும் முதலில் வற்றும். சின்னவிரல் பக்கத்துச் சதை அதே அளவு வற்றாமல் நிற்கும். நரம்பியல் வைத்தியர்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு இலையையும் மொட்டையும் கிள்ளி எடுப்பதற்கு வேண்டியதும் அதே இரண்டு விரல்களின் பிடிதான் என்பதால், மலையில் நிற்கும்போது கொழுந்து ஒடியாமல் நழுவுவதும், மாலையில் நிறை குறைவதும், வலியில்லாமலே வேலை பின்தங்குவதும் வீட்டாருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடக்கூடும். இங்கே மரத்துப்போதல் இராது என்பதைக் கவனிக்க வேண்டும். விரல் மரத்து, இரவில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது போன்ற வேறு காரணம். கழுத்தெலும்புத் தேய்மானமும் கையை மெலியச் செய்யும். சதை துடித்தல் மட்டும் இருந்து பலம் குறையாவிட்டால் அதைப் பற்றி அச்சப்படத் தேவையில்லை. களைப்பிலும் தூக்கமின்மையிலும் அது எவருக்கும் வரும்.

ஐரோப்பிய நாடுகளில் ஓராண்டில் ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. முதல் அறிகுறியிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வாழ்வோரே அதிகம். பத்துப் பேரில் ஒருவர் பத்தாண்டுகளைக் கடக்கிறார். இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் 1963 ஆம் ஆண்டு, தம் 21 ஆவது வயதில் இந்நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்தது மிக அரிதான விதிவிலக்கு. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்நோய் இருந்திருக்காது. பரம்பரையாக வருவோரில் எஸ்ஓடி1 என்ற பரம்பரையலகின் பிழை 1993 ஆம் ஆண்டும், சி9ஓஆர்எஃப்72 என்ற பரம்பரையலகின் பிழை 2011 ஆம் ஆண்டும் கண்டறியப்பட்டன. எஸ்ஓடி1 பிழையுள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர, ஏறத்தாழ எல்லா நோயாளிகளின் இயக்க நரம்புக்கலங்களிலும் டிடிபி-43 என்ற புரதம் இருக்கவேண்டிய கருவை விட்டு வெளியேறி, கலத்துக்குள் கட்டியாகத் திரண்டு கிடப்பது 2006 ஆம் ஆண்டு வெளிப்பட்டது.

இது தொற்றுமா என்று அயலவர் கேட்பார்கள். தொற்றாது. முண்ணாணின் இயக்க நரம்புக்கலங்களைத் தாக்கும் தொற்று ஒன்று உண்டு, அது போலியோ. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 ஆம் ஆண்டு பதிவானார். போலியோவில் கால் சூம்பியவர்களைப் பார்த்து வளர்ந்த முதியவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இயல்பே என்றாலும், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ ஒரே லயத்தில் வசிப்பதாலோ இயக்க நரம்புக்கல நோய் எவருக்கும் வராது.

மூளைக்குள் இருக்கும் காவல்

எதிர்ப்புச் சக்தி என்று நாம் பொதுவாகச் சொல்லும் நிர்ப்பீடனத் தொகுதி ஒரே பொருளன்று. ஏற்றவும் இறக்கவும் அதற்கு ஓர் அளவுகோல் கிடையாது. அதில் எதையும் உடனே பாய்ந்து விழுங்கும் கலங்கள் ஒரு வகை. குறிப்பிட்ட எதிரியை அடையாளம் கண்டு, நினைவில் வைத்துத் தாக்கும் டி-கலங்களும் பிறபொருளெதிரிகளும் இன்னொரு வகை. இவ்விரண்டும் அளவு மீறாதபடி பிடித்து நிறுத்துகிற ஒழுங்குபடுத்தும் டி-கலங்கள் மூன்றாவது வகை. காய்ச்சல் வந்து இரண்டு நாளில் தணிவது முதலிரண்டின் திறமையால் மட்டும் நடப்பதல்ல, மூன்றாவதும் ஒழுங்காக வேலை செய்வதால்தான். நோயாளிகளின் வீட்டில் நடக்கும் பேச்சில் இந்த மூன்றாவது வகை ஒருபோதும் வருவதில்லை. இந்த நோயில் அதிகம் பேசப்பட வேண்டியதோ அதுதான்.

மூளைக்கும் முண்ணாணுக்கும் தனியாக ஒரு காவற்படை இருக்கிறது. ஸ்பானிய ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்தேகா 1919 ஆம் ஆண்டு மைக்ரோகிளியா என்று பெயரிட்ட கலங்கள் அவை. மற்ற வெண்குருதிக் கலங்களைப்போல் இவை என்பு மச்சையிலிருந்து அன்றாடம் பிறந்து வருபவை அல்ல. கரு உருவாகும் தொடக்கத்திலேயே மூளைக்குள் குடிபுகுந்து, அங்கேயே பெருகி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருப்பவை. மெல்லிய கைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். செத்த கலத்தை விழுங்கும். குழந்தையின் மூளை வளரும்போது வேண்டாத நரம்பு இணைப்புகளை நறுக்கி, வேண்டியவை வலுப்பெற இடம் விடும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோன்ற வேலை இது. வேரில் மாச்சத்துச் சேர்ந்திருக்கும் காலத்தில், பக்குவமாக வெட்டிய செடி புதுத்தளிர் விடும். வரட்சியில், வேர் இளைத்திருக்கும் நேரத்தில் அதே கத்தியால் அதே ஆள் வெட்டினாலும் கிளைகள் காய்ந்து செடி பட்டுப்போகும். மைக்ரோகிளியாவின் செயலும் இயக்க நரம்புக்கல நோயில் காலத்தையும் சூழலையும் பொறுத்தே நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது.

இதற்கு நம்மிடமுள்ள தெளிவான சான்று எலிகளிடமிருந்து வந்தது. மனிதரின் பிழையான எஸ்ஓடி1 பரம்பரையலகைப் புகுத்தி, இந்நோய் வரும் எலிகளை 1994 ஆம் ஆண்டு உருவாக்கினார்கள். உடலின் எல்லாக் கலங்களிலும் அந்தப் பிழை இருக்கும் அவ்வெலிகளில், குறிப்பிட்ட கலவகையிலிருந்து மட்டும் பிழையை நீக்கினால் என்ன நடக்கும் என்று பின்னர் பார்த்தார்கள். இயக்க நரம்புக்கலங்களிலிருந்து நீக்கியபோது நோய் தொடங்குவது தள்ளிப்போனது. மைக்ரோகிளியாவிலிருந்து நீக்கியபோதோ, நோய் வழக்கமான வயதிலேயே தொடங்கியது. ஆனால் தொடங்கிய பிறகு மெதுவாகவே முற்றியது. 2006 ஆம் ஆண்டு வெளிவந்த இந்த முடிவு இத்துறையில் பலருடைய எண்ணத்தை மாற்றியது. நோயைத் தொடக்கிவைப்பது நரம்புக்கலத்துக்குள் நடக்கும் கேடு. அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள நிர்ப்பீடனக் கலங்கள். ஆகவே எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் நோய் வந்தது என்ற பேச்சு, தொடக்கத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது.

வேகம் கூடுவது எப்படி என்பதும் ஓரளவு தெரியும். நோயின் ஆரம்பத்தில் மைக்ரோகிளியா நரம்புக்கலத்துக்கு ஊட்டமான பொருட்களைச் சுரந்து, குப்பையை அகற்றித் துணை நிற்கிறது. நரம்புக்கலங்கள் தொடர்ந்து சேதமடைந்து, அபாய அறிகுறிகளை ஓயாமல் வெளியிடும்போது அதன் குணம் மாறுகிறது. அழற்சியை, அதாவது சேதத்துக்கு எதிராக நிர்ப்பீடனக் கலங்கள் எழுப்பும் கொதிப்பைத் தூண்டும் புரதங்களையும், கலங்களைச் சேதப்படுத்தும் ஒட்சிசன் மூலக்கூறுகளையும் கொட்டத் தொடங்குகிறது. 2017 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, தூண்டப்பட்ட மைக்ரோகிளியா சுரக்கும் மூன்று புரதங்கள் சேர்ந்து, அருகிலுள்ள அஸ்ட்ரோசைட்டு என்னும் ஆதரவுக் கலங்களை நரம்புக்கலக் கொல்லிகளாக மாற்றிவிடுவதைக் காட்டியது. நரம்புக்கலத்துக்கு உணவளிக்க வேண்டிய கலமே அதற்கு நஞ்சூட்டும் நிலை இது. ஒரு கலம் சாக, அதன் சேதம் அடுத்த தூண்டுதலாக, அழற்சி முண்ணாணில் மேலும் கீழுமாகப் பரவுகிறது. உயிருள்ள நோயாளிகளின் மூளையைச் சிறப்பு ஸ்கேன் மூலம் பார்த்தபோதும் இயக்கத்தை ஆளும் பகுதியில் மைக்ரோகிளியா விழித்தெழுந்திருப்பது தெரிந்தது. ஆகவே இது எலிகளின் கதை மட்டும் அல்ல.

குருதியிலிருந்து வரும் டி-கலங்களுக்கும் இதில் பங்குண்டு. சாதாரணமாக மூளைக்குள் அவை அரிதாகவே நுழையும். இந்நோயில் முண்ணாணுக்குள் கூடுதலாகக் காணப்படுகின்றன. அவற்றுள் ஒழுங்குபடுத்தும் டி-கலங்களைப் பற்றிய செய்திதான் சிகிச்சைக்கு வழி திறந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள், இந்தக் கலங்கள் குருதியில் குறைவாகவுள்ள நோயாளிகளுக்கு நோய் வேகமாக முற்றுவதையும், இருக்கின்ற கலங்களும் அடக்கும் திறனை இழந்திருப்பதையும் கண்டார்கள். அந்தக் கலங்களை உடலுக்கு வெளியே எடுத்து வளர்த்தபோது திறன் மீண்டது. அடக்குகின்ற கை தளர்ந்துவிட்ட நோய் இது என்பதால், பொத்தாம்பொதுவாக எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதுவும், அது உண்மையிலேயே அப்படிச் செய்யுமானால், இந்த நோயாளிக்கு நல்லது என்று நம்ப இடமில்லை. நல்லவேளையாக, கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை போத்தலில் எழுதியிருப்பதைச் செய்வதில்லை.

அப்படியானால் உடல் தன்னையே தாக்கும் நோய்களின் வரிசையில் இதையும் சேர்க்கலாமா? அவ்வளவு எளிதாகச் சேர்க்க முடியாது. 2025 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், நோயாளிகளின் டி-கலங்கள் தம் சொந்த உடலின் சி9ஓஆர்எஃப்72 புரதத்தையே எதிரியாகக் கண்டு கிளர்வது காட்டப்பட்டது. அந்தக் கலங்கள் அழற்சியைத் தணிக்கும் பொருளைச் சுரக்கும் நோயாளிகள் நீண்டகாலம் வாழக்கூடியவர்களாகவும் தெரிந்தார்கள். இது முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனாலும் தன்னைத் தாக்கும் மற்ற நோய்களில் கைகொடுக்கும் மருந்துகள் இங்கே கைகொடுக்கவில்லை என்ற பழைய உண்மை அப்படியே நிற்கிறது.

அடக்கிப் பார்த்ததன் விளைவு

அழற்சிதான் வேகத்தைக் கூட்டுகிறது என்றால், அதை அடக்கிவிட்டால் போதும் என்றே எவரும் நினைப்பார்கள். வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சைக்ளோபாஸ்பமைட்டு, சைக்ளோஸ்போரின் போன்ற வலிய அடக்கிகள் 1980களிலும் 1990களிலும் முயன்று பார்க்கப்பட்டன, பலனில்லை. மூட்டுவலிக்குப் பாவிக்கும் செலிகோக்சிப் மாத்திரையும் 2006 ஆம் ஆண்டு தோற்றது. வேறொருவரின் என்பு மச்சைக் கலங்களை ஆறு நோயாளிகளுக்கு மாற்றியும் பார்த்தார்கள்; நோயின் போக்கு மாறவில்லை. மைக்ரோகிளியா என்பு மச்சையிலிருந்து வருவதில்லை என்பதை நினைத்தால் இதில் பெரிய ஏமாற்றம் இல்லை.

பெரிய ஏமாற்றம் மினோசைக்ளின். இது ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து. மலிவானது, முகப்பருவுக்குக்கூடக் கொடுப்பார்கள். மைக்ரோகிளியாவை அடக்குவதால் எலிகளில் நல்ல பலன் தந்தது. அதை நம்பி அமெரிக்காவில் 412 நோயாளிகளைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2007 ஆம் ஆண்டு வந்தபோது, மருந்தில்லாத வெற்றுமாத்திரை சாப்பிட்டவர்களைவிட மினோசைக்ளின் சாப்பிட்டவர்கள் ஏறத்தாழ 25 சதவீதம் வேகமாகத் தளர்ந்திருந்தார்கள். பலனில்லை என்பதைத் தாண்டிக் கெடுதலாகவே முடிந்தது. எலிகளுக்கு நோய் வெளிப்படும் முன்பே மருந்து தொடங்கப்படுகிறது. மனிதருக்கோ கை விழுந்து, பல மாதம் அலைந்து, நோய் உறுதியான பிறகுதான் தொடங்க முடிகிறது. அந்தக் கட்டத்தில் மைக்ரோகிளியாவின் துணைசெய்யும் பக்கத்தையும் சேர்த்து மருந்து முடக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்த விளக்கம் முழுமையானதோ இல்லையோ, நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்படும் எளிய மாத்திரைகூட இந்நோயில் தீங்கு செய்யலாம் என்பது அந்த ஆய்வுக்குப் பிறகு மறுக்க முடியாததாகிவிட்டது. நோயாளிக்கு ஏதாவது கொடுத்துப் பார்ப்போமே, நஷ்டம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஆய்வைத்தான் காட்டுவேன்.

குருதியிலுள்ள கொம்பிளிமென்ற் எனப்படும் தாக்குதல் புரதங்களில் ஒன்றைத் தடுக்கும் ரவுலிசுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தின் ஆய்வும், பலன் தெரியாததால் 2021 ஆம் ஆண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இத்தனை தோல்விக்குப் பிறகு திசை மாறியது. தாக்கும் பக்கத்தை நசுக்குவதற்குப் பதிலாக, அடக்கும் பக்கத்தை வளர்த்துப் பார்ப்போம் என்று முயன்றார்கள். மூன்று நோயாளிகளின் ஒழுங்குபடுத்தும் டி-கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, அவர்களுக்கே திரும்ப ஏற்றிய முயற்சி 2018 ஆம் ஆண்டு வெளியானது. ஏற்றிய காலத்தில் நோயின் வேகம் குறைந்தது. மூவர் என்பது எதையும் நிறுவப் போதாது. அதே நோக்கத்துக்கு எளிதான வழி, இன்டர்லியூக்கின்-2 என்ற புரதத்தை மிகச் சிறிய அளவில் ஊசியாகக் கொடுப்பது. பெரிய அளவில் கொடுத்தால் இதே புரதம் தாக்கும் கலங்களைக் கிளப்பிவிடும். அதனால்தான் சில புற்றுநோய்களுக்கு அதைப் பாவித்தார்கள். சிறிய அளவில் கொடுத்தால் முக்கியமாக ஒழுங்குபடுத்தும் கலங்களே பெருகும். ஒரே பொருள், அளவு மாறினால் நேரெதிரான வேலை.

பிரான்சிலும் பிரித்தானியாவிலும் 220 நோயாளிகளைக்கொண்டு நடந்த இந்த ஆய்வின் முடிவுகள் 2025 ஆம் ஆண்டு வெளிவந்தன. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் இறப்பு அபாயம் 19 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தாலும், அது தற்செயலாக அமைந்திருக்கக்கூடிய வேறுபாடுதான். நரம்பிழை சிதைவதைக் காட்டும் ஒரு புரதம் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளில் எவ்வளவு இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்தபோது, அது குறைவாக இருந்தவர்களிடம், அதாவது நோய் மெதுவாக ஓடியவர்களிடம், இறப்பு அபாயம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. வேகமாக ஓடியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. முதலில் திட்டமிட்ட எளிய கணக்கில் தோற்று, நுணுக்கமான கணக்கில் வென்ற ஆய்வு என்பதால் இதை நான் நம்பிக்கையோடு பார்க்கிறேனே தவிர, வெற்றி என்று எழுதமாட்டேன். எந்த நாட்டிலும் இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

கையில் இருக்கும் மருந்துகள்

இன்று பாவனையிலுள்ள பழைய மருந்து ரிலுசோல். அமெரிக்காவில் 1995 ஆம் ஆண்டு அனுமதி பெற்ற இது, நரம்புக்கலத்தை அளவுமீறித் தூண்டும் குளூட்டமேற்றைக் குறைப்பதன் மூலம் வேலை செய்கிறது. ஆய்வுகளில் ஆயுளை இரண்டு மூன்று மாதங்கள் நீட்டியது. இது நிர்ப்பீடனத் தொகுதியைக் குறிவைக்கும் மருந்து அல்ல என்றாலும், அதோடு தொடர்புள்ள இரண்டு எச்சரிக்கைகள் இதற்கு உண்டு. அரிதாகச் சிலருக்கு, கிருமியோடு முதலில் போராடும் வெண்குருதிக் கலங்களை இது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ஆகவே ரிலுசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால், மழைக்கும் குளிருக்கும் வரும் சாதாரணக் காய்ச்சல் என்று பெனடோலோடு விட்டுவிடாமல், தோட்டத்து மருந்தகத்திலோ வைத்தியசாலையிலோ ரிலுசோல் பெயரைச் சொல்லிக் குருதிப் பரிசோதனை கேட்க வேண்டும். இரண்டாவது, இது ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் ஈரல் பரிசோதனை இடையிடையே செய்யப்படும். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பாணியையோ சூரணத்தையோ அதோடு சேர்த்துச் சாப்பிட்டால், ஈரல் கெடும்போது எதனால் கெட்டது என்பதே தெரியாமல், பயன் தரும் மருந்தை நிறுத்த நேரிடும். கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை. பெயரில்லாப் போத்தல்தான் சிக்கல்.

எஸ்ஓடி1 பிழையுள்ளவர்களுக்கு மட்டும் டோஃபெர்சென் என்ற மருந்து 2023 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு இருவரளவே இப்பிரிவில் வருவர். முதுகில் ஊசி குத்தி முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளில் செலுத்தப்படும் இது, பிழையான புரதம் உருவாவதையே குறைக்கிறது. இங்கும் நிர்ப்பீடனம் குறுக்கிடுகிறது: மருந்தைப் பெற்ற சிலருக்கு முண்ணாணிலும் நரம்பு வேர்களிலும் அழற்சி ஏற்பட்டது, பலருடைய பாய்பொருளில் வெண்குருதிக் கலங்கள் கூடின. நோயின் மூலத்தில் கைவைக்கும் மருந்துக்கும் உடலின் காவற்படையின் மறுமொழியைக் கணக்கில் எடுத்தே தீரவேண்டியிருக்கிறது.

நோயைத் திருப்ப முடியாவிட்டாலும் ஆயுளை நீட்டுவதில் மருந்தைவிடக் கூடுதலாக உதவுவது மூச்சுக்குத் துணைசெய்யும் முகமூடி இயந்திரம். விழுங்கும் தசைகள் ஓரளவு நன்றாக உள்ளவர்களிடம் இது ஆயுளை ஏறத்தாழ ஏழு மாதம் நீட்டியதாக 2006 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆய்வு காட்டியது. ரிலுசோல் தந்ததைவிட இது அதிகம். காலையில் எழும்போது தலைவலி, பகலில் தூங்கி வழிதல், மல்லாந்து படுக்க முடியாமை ஆகியவை மூச்சுத்தசை தளர்வதன் அடையாளங்கள். அவற்றைக் கிளினிக்கில் தாமாகவே சொல்ல வேண்டும்.

தொற்றைத் தடுப்பது இந்நோயாளிக்கு மற்றவர்களைவிட முக்கியம். இருமும் பலம் குறைந்துவிட்டால் சளி வெளியேறாது, மார்புச்சளி நியூமோனியாவாக மாறும். அதோடு, உடலின் வேறிடத்தில் ஏற்படும் அழற்சி மூளைக்குள் இருக்கும் மைக்ரோகிளியாவையும் கிளறிவிடும் என்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். இன்புளுவென்சாக் காய்ச்சல் தடுப்பூசியையும் நியூமோனியாத் தடுப்பூசியையும் பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது; தடுப்பூசி எதிர்ப்புச் சக்தியைக் கிளறி நோயைக் கூட்டும் என்று பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. விழுங்கும்போது புரைக்கேறுபவருக்கு வெறும் பிளேன்டீயே மிகவும் ஆபத்தான பானம். நீர்த்த திரவம் மூச்சுக்குழாய்க்குள் வேகமாக வழிந்துவிடும். அதையே கஞ்சிப் பதத்துக்குத் தடிப்பாக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு குடிக்கச் சொல்வார்கள். உடல் மெலிய விடாமல் சாப்பிடுவது எந்தச் சத்துப்போத்தலையும்விடப் பயனுள்ளது.

நிர்ப்பீடன மருந்து உண்மையிலேயே காப்பாற்றும் நோய்

இந்த நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கட்டாயமாக விலக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல்குவிய இயக்க நரம்பழற்சி என்ற நோயில் பிறபொருளெதிரிகள் இயக்க நரம்பின் இழையைத் தாக்கி, கட்டளை ஓரிடத்தில் தடைபடச் செய்கின்றன. ஒரு கை மணிக்கட்டு தொங்கும், தசை மெலியும், சதை துடிக்கும், மரத்துப்போதல் இராது. பார்வைக்கு இயக்க நரம்புக்கல நோயின் கீழ்க்கல வகை மாதிரியே இருக்கும். ஆனால் மேல்க்கலச் சேத அடையாளங்கள் காணப்படா. நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் பரிசோதனையில் தடை தெரியும். ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குருதியில் ஜிஎம்1 என்ற கொழுப்புக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கும். நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இவர்களின் கை மீளும். ஸ்டீரொயிட் கொடுத்தாலோ சிலருக்கு மோசமாகும்.

ஆகையால் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், தோட்டத்து மருந்தகத்தில் நரம்பு ஊசியும் விற்றமினும் போட்டுக்கொண்டு மாதங்களைக் கழிக்காமல், கண்டி போன்ற இடங்களில் நரம்பியல் பிரிவுள்ள அரச வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதே முறை. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸுக்கும், இழக்கும் ஒருநாள் பேருக்கும் (நாட்கூலிக்கும்)தான் செலவு, அதுவும் நாட்சம்பளக்காரருக்குச் சிறிய செலவல்ல என்பது தெரிந்ததே. மரபுவழித் தனித்தன்மையும் கவனிக்கத்தக்கது: தென்னிந்தியாவில் இளவயதில் தொடங்கி, காதுகேளாமையோடு சேர்ந்து, மெதுவாக முற்றும் ஒரு வகையைச் சென்னை வைத்தியர்கள் 1970 ஆம் ஆண்டு விவரித்தார்கள், மெட்ராஸ் இயக்க நரம்புக்கல நோய் என்ற பெயரிலேயே அது இன்றும் அறியப்படுகிறது. அப்படிப்பட்டவரின் எதிர்காலம் பொதுவான கணக்கைவிட நீண்டது.

நகை அடகு வைத்து இந்தியாவுக்குப் போய் தண்டுக்கல (ஸ்டெம் செல்) ஊசி போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வி மலையகக் குடும்பங்களிலும் வரத்தொடங்கியிருக்கிறது. இந்த ஊசியில் செலுத்தப்படும் கலங்கள் புதிய இயக்க நரம்புக்கலங்களாக வளர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது, அவை ஊட்டப்பொருட்களைச் சுரந்து அழற்சியைத் தணிக்கும் என்பதைத்தான். அவ்வகையில் மிகவும் கவனமாகச் சோதிக்கப்பட்ட ஒன்றின் பெரிய ஆய்வு, எட்ட வேண்டிய முக்கிய இலக்கை எட்டவில்லை. 2023 செப்டெம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசகர்கள் பெரும்பான்மையாக அதற்கு எதிராக வாக்களித்தார்கள். எந்த மருந்தகமாவது இச்சிகிச்சையை முன்வைத்தால், அது பதிவுசெய்யப்பட்ட ஆய்வா, வெற்றுமருந்துக் குழு இருக்கிறதா, முடிவை வெளியிடுவார்களா, காசு யார் கட்டுவது என்று கேட்க வேண்டும். முறையான ஆய்வில் பரிசோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை.